ஐயம் விழும் முகம்: துப்பறியும் புதினமும் அதன் திரைவடிவமும்

புதுக்கோட்டைக்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள ஊர் குடுமியான்மலை. நம் துறையின் இளங்கலை மாணவர்களோடு கல்விச் சுற்றுலாவாக நாம் அங்குச் சென்றதன் நோக்கம், இசைக் கல்வெட்டைக் கண்ணாரக் காட்டுவதே. மேலைக்கோயில் எனப்படும் குடைவரையை ஒட்டிய பாறையில், ஏழு பண்களுக்குரிய சுர அடைவுகள் பல்லவ கிரந்த எழுத்தில் வரிவரியாகப் பொறிக்கப்பட்டுள்ளன. பொறிப்பித்த மன்னன் தன் பெயரை அங்கு எழுதவில்லை. உருத்திராசாரியரின் மாணவனாகிய சிவநெறியாளன் ஒருவன் மாணாக்கர் நலம் கருதி இதனைச் செய்தான் என்ற குறிப்பே கிடைக்கிறது. முதலாம் மகேந்திரவர்மனே அவன் என அறிஞர் பலர் கொண்டனர். பின்வந்தோர் அதனை மறுத்தனர். பெயரற்ற ஒரு கல்வெட்டு. அதனைச் சுற்றி எழுத்தமைதி, சொல்லாட்சி, அரசியல் வரலாறு எனும் தடயங்கள். கல்வெட்டாய்வாளர் பணிக்கும் துப்பறிவாளர் பணிக்கும் உள்ள உறவை மாணவர்க்கு விளக்க இதனினும் பொருத்தமான இடம் நமக்கு வாய்த்ததில்லை.

கோயிலின் இறைவன் சிகாநாதர் எனப் பெயர் பெற்றமைக்குத் தலக்கதை ஒன்று வழங்குகிறது. பூசைக்குரிய மலரைத் தம் அன்புக்குரிய பெண்ணுக்குச் சூட்டிவிட்ட அருச்சகர், மன்னன் எதிர்பாராது வந்துவிடவே, அம்மலரையே மீண்டும் எடுத்து அவனிடம் அளித்தார். மலரில் நீண்ட தலைமயிர் ஒன்று இருந்தது. இது எவ்வாறு வந்தது என்று மன்னன் வினவினான். இறைவனுக்குக் குடுமி உண்டு என்றார் அருச்சகர். காட்டுக என்றான் மன்னன். அடியவரைக் காக்கும் பொருட்டு இலிங்கத்தில் குடுமி தோன்றிற்று என்பது கதை. பிற சமயத்தார் போற்றும் நம்பிக்கையை எடைபோடுவது நம் வேலையன்று. கதையின் கட்டுக்கோப்பை மட்டும் நோக்குவோம். ஒரு மயிரிழை, ஒரு வினா, ஒரு விடை, அவ்விடையைச் சரிபார்க்கும் முயற்சி எனத் துப்பறியும் கதையின் உறுப்புகள் யாவும் இதில் உள்ளன. ஆயினும் வழக்கு அறிவால் தீராமல் அருளால் தீர்கிறது. இதனை நாம் கூறக்கேட்ட மாணவர் ஒருவர், ‘ஐயா, அருள் வராதிருந்தால் இது ராஜேஷ்குமார் கதைதானே?’ என்றார். அனைவரும் சிரித்தனர், நாமும் சிரித்தோம். திரும்பும் வழியில் பேருந்தில் பேச்சு அதிலேயே நின்றது. படிக்கும்போது உறக்கம் கெடுக்கும் துப்பறியும் புதினங்கள் படமாக்கப்பட்டபின் ஏன் சுவை குன்றுகின்றன என்று வினவினர். பாட்டு, சண்டை, நகைச்சுவைப் பகுதி என வழக்கமான காரணங்களை அவர்களே அடுக்கினர். நமக்கு வேறொன்று தோன்றிற்று.

துப்பறியும் கதையின் உயிர், குற்றவாளி யார் என்பதில் மட்டும் இல்லை. ஐயம் முதலில் யார்மேல் விழுகிறது, அது எவ்வாறு விலகுகிறது என்பதிலும் இருக்கிறது. எழுத்தில் ஐயம் சொல்லின் வழியே விழும். சொல்லின் வழியே விலகும். திரையில் அது முகத்தின் வழியே விழுகிறது. ஒருமுறை முகத்தில் படிந்த ஐயத்தைச் சொல் எளிதில் துடைத்துவிட இயலாது. இக்கருத்தை விளக்கச் சில சான்றுகளைக் காண்போம்.

முன்னோர் காட்டிய வழக்குகள்

குடுமியான்மலைக் கல்வெட்டு மகேந்திரவர்மனுடையதோ அன்றோ, ‘மத்தவிலாசப் பிரகசனம்’ எனும் நகைச்சுவை நாடகம் அவனுடையது என்பதில் ஐயமில்லை. அதன் கதை ஒரு களவு வழக்கு. காஞ்சியில் குடித்து மகிழும் காபாலிகன் ஒருவன் தன் மண்டையோட்டுக் கலத்தைத் தொலைத்துவிடுகிறான். விருந்துண்டு திரும்பும் பௌத்தத் துறவி ஒருவர் அவ்வழியே வருகிறார். அவர் தம் கலத்தை ஆடைக்குள் மறைத்துச் செல்கிறார். அவ்வளவே தடயம், காபாலிகன் அவரைப் பிடித்துக்கொள்கிறான். துறவி தம் கலத்தை எடுத்துக் காட்டுகிறார். நிறம் வேறாக இருக்கிறது. நேர்மையான விசாரணை அங்கே முடிந்திருக்க வேண்டும். காபாலிகனோ, நிறத்தை மாற்றும் வித்தையும் இவர்களுக்குத் தெரியும் என்று வாதாடுகிறான். இறுதியில், கலத்தைக் கவ்விச் சென்றது ஒரு நாய் என்பது, அதனிடமிருந்து அதனைப் பறித்துவந்த பித்தன் ஒருவனால் வெளிப்படுகிறது.

நாடகம் நகைப்புக்குரியது எனினும் அதில் பொதிந்துள்ள நுட்பம் நகைப்புக்குரியதன்று. ஒருவர்மேல் ஐயம் கொண்டபின், அவரைக் குற்றமற்றவர் எனக் காட்டும் சான்றே அவருக்கு எதிரான சான்றாக மாறிவிடும் என்பதை அம்மன்னன் 7ஆம் நூற்றாண்டிலேயே கண்டு எழுதினான். துறவி வேற்று நெறியினர். அதுவே போதுமானதாயிற்று.

சிலப்பதிகாரத்தின் நிலை இதனினும் கொடியது. கோவலன் மதுரைக்குப் புதியவன். அவனைக் கொல்ல வந்த காவலருள் ஒருவர், இவன் தோற்றம் கள்வன் தோற்றமன்று எனத் தயங்குகிறார். பொற்கொல்லன் களவு நூல் கூறும் உத்திகளையெல்லாம் விரித்துரைத்து அத்தயக்கத்தைப் போக்குகிறான். கள்வன்போல் இல்லாமையே கள்வன் என்பதற்குச் சான்றாகிவிடுகிறது! சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா எனும் தடய ஆய்வு, தண்டனை நிறைவேறிய பின்னரே நிகழ்கிறது. வழக்குரை காதையை நம் மாணவர்கள் கற்புக்காகவும் அறத்துக்காகவும் மனப்பாடம் செய்கின்றனர். சான்றாய்வு தண்டனைக்கு முந்த வேண்டும் எனும் முறைமையைக் கற்பிக்கும் பாடமாகவும் அதனைக் கொள்ளலாம்.

புதினத்திலிருந்து பேசும்படத்திற்கு

தமிழில் துப்பறியும் கதையின் தோற்றத்தை, பண்டித நடேச சாஸ்திரியார் 1894இல் வெளியிட்ட ‘தானவன்’ எனும் நூலிலிருந்து கணக்கிடுவது வழக்கம். ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் அதனை வளர்த்தனர். தமிழ்த்துறையினர் இவர்களைப் பொழுதுபோக்கு எழுத்தாளர் என ஒரு வரியில் ஒதுக்குவதே மரபு. நாம் பயின்ற காலத்தில் நம் ஆசிரியரும் அவ்வாறே ஒதுக்கினார். அவர் மேசை இழுப்பறையில் தமிழ்வாணனின் சங்கர்லால் நூல் ஒன்று இருந்ததை நாம் கண்டதுண்டு என்பது வேறு செய்தி.

இவர்தம் நூல்கள் முதலில் நாடக மேடைக்கும், பின்னர்த் திரைக்கும் சென்றன. ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ 1935, 1951 ஆகிய ஆண்டுகளிலும், ‘சந்திரகாந்தா’ 1936இலும் படங்களாயின. வடுவூராரின் ‘மேனகா’ டி.கே.எஸ். சகோதரர்களின் மேடைப் புகழோடு 1935இல் ராஜா சாண்டோ இயக்கத்தில் வெளிவந்தது. தமிழ்ப் பேசும்படம் தோன்றி நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. புராணக் கதைகளே நிறைந்திருந்த திரையில், வழக்கறிஞர் வீடும் நாத்தனார் கொடுமையும் நிகழ்காலத் தெருவும் தோன்றியதற்கு இத்தகைய புதினங்களே காரணம் எனலாம்.

‘மேனகா’வைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும்; இம்மலரைப் படிப்போர்க்கு அதில் தனி அக்கறை இருக்கக்கூடும். மேனகாவின் கணவன் வராகசாமி. அவனுடைய கைம்பெண் சகோதரிகள் சூழ்ச்சி செய்து அவளை விற்றுவிடுகின்றனர். விலைகொடுத்து வாங்கும் செல்வன் நைனா முகம்மது மரைக்காயர். அவளைக் காப்பாற்றுபவள் யார்? அச்செல்வனின் மனைவி நூர்ஜஹான். கதையை நிறுத்துப் பார்த்தால் கணக்கு நேராகவே இருக்கிறது: தீமையைத் தொடங்கியோர் சொந்த வீட்டினர், தீமைக்கு உடன்பட்டவன் அயலான், மீட்டவள் அவ்வயலானின் மனைவி. பெண்ணின் மானத்தைப் பெண்ணே காக்கிறாள். சமயம் குறுக்கே நிற்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வைணவ அந்தணர் ஒருவர் எழுதிய கதையில் இப்பாத்திரம் இடம்பெற்றமை போற்றத்தக்கது என்பதே நம் கருத்து.

ஆயினும் கதையைக் கேட்ட பலரது நினைவில் எது நிற்கிறது? பெண்ணை விலைக்கு வாங்கிய மரைக்காயர் நிற்கிறார். விற்ற நாத்தனார்கள் மங்கிவிடுகின்றனர். எழுத்தில் நூர்ஜஹானின் உள்ளத்தைப் பல பக்கங்களில் விரித்துக் காட்ட ஆசிரியருக்கு இடம் உண்டு. காட்சிக்கலையில் தொப்பியும் தாடியும் ஒரு கணத்தில் சொல்லிவிடுவதை, ஒரு பெண்ணின் நற்செயல் அரைமணி நேரத்தில்தான் ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது. இது அப்படக் குழுவினர்மேல் நாம் சுமத்தும் குற்றமன்று, ஊடகத்தின் இயல்பு. பிற்காலத்தில் 1990கள் தொடங்கி நம் திரையில் எந்த உடை கண்டவுடன் ஐயத்தின் குறியீடாக மாறியது என்பதை வாசகர் நன்கறிவர். அதனை இங்கு விரிக்கவில்லை.

முனிவர் வேடமும் கொடியோர் முகமும்

முகத்தின் ஆற்றலுக்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. வடுவூராரின் துப்பறிவாளர் திகம்பர சாமியார். பெயர் துறவிக்குரியது, செயல் அறிவுக்குரியது. குடுமியான்மலைக் கதையில் அருளால் தீர்ந்த சிக்கல், வடுவூரார் கையில் துறவியின் பெயர் தாங்கிய ஒருவரின் ஆராய்ச்சியால் தீர்கிறது. மரபுவழி வாசகருக்குப் புதிய துப்பறிவாளரை ஏற்கச் செய்ய இதனினும் நல்ல வழி இருந்திருக்காது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் டி. ஆர். சுந்தரம் இயக்கத்தில் ‘திகம்பர சாமியார்’ படத்தை வெளியிட்டது. சாமியாராக நடித்தவர் எம். என். நம்பியார். அவர் ஒன்றன்பின் ஒன்றாகப் பல மாறுவேடங்கள் பூண்டது அக்காலத்தில் பெரிதும் பேசப்பட்டது.

இங்கு மாணவர் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உளது. எழுத்தில் ஒரு கிழவரோ ஒரு வணிகரோ கதைக்குள் வந்தால், அவர் சாமியார்தாம் என்பது வாசகருக்குத் தெரியாது. உண்மை வெளிப்படும்போது வியப்பு பிறக்கும். திரையில் வேடத்தின் அடியில் நம்பியாரை நாம் அறிந்துகொள்கிறோம். ஆகவே வியப்பு போய், நடிகரின் திறமையில் களிப்பு வருகிறது. புதினம் ‘இவர் யார்?’ என்று கேட்க வைத்தது. படம் ‘எவ்வளவு நன்றாக மாறியிருக்கிறார்!’ என்று சொல்ல வைத்தது. இரண்டும் சுவையே, ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

அடுத்த ஆண்டு வெளிவந்த ‘இராஜாம்பாள்’ படத்தில் ஆர். எஸ். மனோகர் கதைத்தலைவனாக அறிமுகமானார். நம்பியாரும் மனோகரும் பின்னாளில் எதற்குப் புகழ்பெற்றனர் என்பதைச் சொல்லத் தேவையில்லை. திரையில் தோன்றிய மாத்திரத்தில், இவர்தாம் செய்திருப்பார் என்று அரங்கம் முடிவுகட்டும் முகங்களாக இருவரும் பல பத்தாண்டுகள் விளங்கினர். அதே முகங்கள் தொடக்கத்தில் நம்பிக்கைக்குரிய முகங்களாக இருந்தன. முகத்தில் இயற்கையாக எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை, படங்களே எழுதின.

சுஜாதாவின் வழக்கறிஞர் கணேஷும் திரைக்கு வந்தார். 1977இல் ‘காயத்ரி’யும், 1978இல் ‘ப்ரியா’வும் படங்களாயின. ‘ப்ரியா’வில் ரஜினிகாந்த் கணேஷாக நடித்தார், நாவலின் இலண்டன், படத்தில் சிங்கப்பூர் ஆயிற்று. புகழ்பெற்ற கதாநாயகர் துப்பறிவாளராக வரும்போது அவர் தவறாக ஊகிக்க இயலாது. தவறாக ஊகிக்க இயலாத துப்பறிவாளரிடம் ஐயம் எனும் உணர்வுக்கே இடமில்லை. இதற்குமேல் இப்படங்களைப் பற்றி நாம் சொல்ல வேண்டியது அதிகமில்லை, பாடல்கள் நன்று.

செருமானியச் சான்று ஒன்று

துப்பறியும் புதினத்தைத் தொலைக்காட்சிக்குரிய படமாக்கும் வழக்கம் செருமனியில் நெடுநாளாக வேரூன்றியுள்ளது. செருமன் மொழியில் எழுதிய சுவிட்சர்லாந்து எழுத்தாளர் ஃபிரீட்ரிக் டூரன்மாட்டின் ‘நீதிபதியும் அவருடைய தூக்கிலிடுபவரும்’ என்ற பொருள்படும் துப்பறியும் புதினத்தை, 1957லேயே செருமானியத் தொலைக்காட்சி படமாக்கிவிட்டது. 1970 முதல், ‘குற்றம் நிகழ்ந்த இடம்’ எனப் பொருள்படும் ‘டாட்ஓர்ட்’ வரிசை அங்கு ஞாயிறு மாலைகளில் ஒளிபரப்பாகி வருகிறது.

நமக்கு வேண்டியது டூரன்மாட்டின் மற்றொரு படைப்பு. சிறுமியர்க்கு எதிரான கொடுங்குற்றங்களைக் குறித்து மக்களை எச்சரிக்கும் படம் ஒன்றுக்குக் கதை எழுதுமாறு அவர் அழைக்கப்பட்டார். அப்படம் 1958இல் வெளிவந்தது. அதன் முடிவு அவருக்கு நிறைவளிக்கவில்லை. எனவே அக்கதையையே ‘வாக்குறுதி’ எனும் புதினமாக அதே ஆண்டில் திருத்தி எழுதினார். துப்பறியும் புதினத்திற்கான இரங்கற்பா என்று அதற்குத் துணைத்தலைப்பும் இட்டார். நம் நாட்டில் புதினம் படமாகும்போது எழுத்தாளர் வருந்துவார். அங்கே படத்தால் வருந்திய எழுத்தாளர் புதினம் எழுதினார். அக்கதை 1997இல் நிகோ ஹோஃப்மான் இயக்கத்தில் செருமானியத் தொலைக்காட்சிப் படமாகவும் மீண்டும் வந்தது.

ஆங்கில மொழிபெயர்ப்பின் வாயிலாக நாம் படித்த அப்புதினத்தின் கதை இது. சிற்றூர் ஒன்றின் அருகே காட்டில் ஒரு சிறுமி கொலையுண்டு கிடக்கிறாள். பிணத்தைக் கண்டு காவல்துறைக்குத் தொலைபேசியில் அறிவிப்பவர், ஊர் ஊராகச் சென்று சிறுபொருள் விற்கும் ஒரு வணிகர். ஊரார் ஐயம் அவர்மேலேயே விழுகிறது. அவரை ஒப்படைக்குமாறு கூடி நிற்கின்றனர். ஆய்வாளர் மத்தேயி அவர்களோடு சண்டையிடவில்லை. நீங்களே நீதி வழங்குங்கள், ஆனால் இவர்தாம் செய்தார் என எவ்வாறு உறுதியாக அறிந்தீர்கள் என்று பொறுமையாக வினவுகிறார். வினவ வினவக் கூட்டம் தணிகிறது, வழிவிடுகிறது. துப்பறியும் இலக்கியத்தில் நாம் படித்தவற்றுள் மிக உயர்ந்த காட்சி இதுவே. துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. ஒரு வினா மட்டும்.

அக்காட்சியின் வெற்றி நிலைக்கவில்லை. காவல்துறையினர் அவ்வணிகரை மணிக்கணக்காகத் தொடர்ந்து விசாரிக்கின்றனர். களைத்துப்போன அவர் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். பின்னர்ச் சிறையறையில் தூக்கிட்டு இறக்கிறார். வழக்கு முடிந்தது என்று அனைவரும் நிம்மதியடைகின்றனர். மத்தேயி மட்டும் நம்பவில்லை. இறந்த சிறுமி வரைந்த ஓவியம் ஒன்றைத் தடயமாகக் கொண்டு, நெடுஞ்சாலையில் பெட்ரோல் நிலையம் ஒன்றை எடுத்து நடத்தி, மெய்யான கொலைஞனுக்காகக் காத்திருக்கிறார். திரைப்படத்தில் அவன் பிடிபடுகிறான். புதினத்திலோ அவன் வரும் வழியில் விபத்தில் இறந்துபோகிறான். அது தெரியாமல் மத்தேயி ஆண்டுக்கணக்காகக் காத்திருந்து சிதைகிறார். அவர் ஊகம் முற்றிலும் சரியாக இருந்தது. ஆனால் அதனை மெய்ப்பிக்கும் ஆள் வரவே இல்லை.

நம் கருத்துக்கு இன்றியமையாதது அவ்வணிகரின் நிலை. 1958ஆம் ஆண்டுப் படத்தில் அவராக நடித்தவர் மிஷேல் சிமோன்; முரட்டுத் தோற்றத்துக்குப் பெயர்பெற்ற நடிகர். பார்வையாளரும் ஊராரோடு சேர்ந்து அவரை ஐயுறுவதற்கு அம்முகமே துணைசெய்கிறது. புதினத்தில் அவ்வாறன்று. வணிகர் பேசும் சொற்களைக் கொண்டே நாம் தீர்மானிக்க வேண்டியுள்ளது. படம் பார்ப்பவர் கொலைஞன் பிடிபட்ட மகிழ்ச்சியில் எழுந்து செல்லலாம். தூக்கிட்டு இறந்த எளியவரை மறந்துவிடலாம். புதினம் அம்மறதிக்கு இடந்தரவில்லை. பிடிபட ஆளில்லாததால் அந்த வணிகரின் சாவு கதையில் திறந்தே கிடக்கிறது.

தமிழ்த் தொலைக்காட்சியில்

நம் தொலைக்காட்சியில் இத்துறையில் குறிப்பிடத்தக்க முயற்சி, 1990களில் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் உருவாக்கிய ‘மர்மதேசம்’ வரிசை. இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விட்டு விடு கருப்பா’ எனும் புதினம், நாகா இயக்கத்தில் ‘விடாது கருப்பு’ என்ற தொடராகச் சன் தொலைக்காட்சியில் வந்தது. ஊரில் நிகழும் மரணங்களைக் காவல் தெய்வத்தின் தண்டனை என்று மக்கள் நம்புகின்றனர். இங்கு ஐயம் விழும் இடம் மனித முகமன்று. குதிரைக் குளம்பொலியும் இருளும் ஆகும். முகத்தைக் காட்டாமல் ஐயத்தை நீட்டிக்கும் வழியைத் தொடர் கண்டுகொண்டது. வாரம் ஒருமுறை நிறுத்திவைத்துக் காக்கவைக்கும் முறையும், பழைய தொடர்கதை இதழ்களின் பொறுமையைத் திரைக்கு மீட்டுத்தந்தது. இரண்டரை மணி நேரப் படத்தினும் தொடரே துப்பறியும் புதினத்திற்கு நெருங்கிய உறவு என்று நாம் கருதுவதற்கு இதுவே காரணம்.

வகுப்பறைப் பயிற்சி

குடுமியான்மலையிலிருந்து திரும்பியபின் நம் மாணவர்க்கு ஒரு பயிற்சி அளித்தோம். துப்பறியும் புதினம் ஒன்றைத் தேர்ந்து படிக்க வேண்டும். எந்தப் பக்கத்தில், யார்மேல், எந்தச் சொல்லால் தமக்கு ஐயம் தோன்றிற்று என்பதை ஒரு தாளில் மூன்று கட்டங்களாகக் குறிக்க வேண்டும். ஐயம் விலகிய பக்கத்தையும் எழுத வேண்டும். குற்றவாளியைச் சரியாகக் கண்டுபிடித்தோர்க்கு மதிப்பெண் இல்லை என்று முன்னரே கூறிவிட்டோம். அதனால் சிலர் வருந்தினர்.

‘மேனகா’வைத் தேர்ந்த மாணவர் ஒருவரின் தாள் நம்மிடம் உள்ளது. அவர் இசுலாமியக் குடும்பத்தவர். நூர்ஜஹான் கதைக்குள் வந்ததும் இவளும் சதிக்கு உடந்தை என்றே தாம் எண்ணியதாக முதல் கட்டத்தில் எழுதியிருந்தார். பக்க எண்ணையும் குறித்திருந்தார். எந்தச் சொல்லால் என்ற கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தார். நாமும் அவ்விடத்தில் சிவப்பு மையால் எதனையும் எழுதவில்லை.